மோந்த்ரியானின் சிவப்பு மரம்

நவீன ஓவியம் பற்றிய புத்தகங்களில் ஒரு பக்கம் தவறாமல் இருக்கும். அதில் மூன்று படங்கள், சில சமயம் நான்கு. முதலில் பீட் மோந்த்ரியானின் 'மாலை; சிவப்பு மரம்' (1908–10). அடுத்தது 'சாம்பல் மரம்' (1911). அதற்கடுத்தது 'பூக்கும் ஆப்பிள் மரம்' (1912). இடம் மிச்சமிருந்தால் கடைசியாக, கறுப்புக் கோடுகளும் சிவப்பு, மஞ்சள், நீலக் கட்டங்களும் கொண்ட இருபதுகளின் படம் ஒன்று. கீழே விளக்கம்: மரம் எப்படிக் கோடாகியது, இயற்கை எப்படி அரூபமாகியது. வாசகன் இடமிருந்து வலமாகக் கண்ணை ஓட்டுகிறான். நவீன ஓவியம் புரிந்துவிட்டது என்ற திருப்தியோடு பக்கத்தைப் புரட்டுகிறான். அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

இந்தப் பக்கம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. தேதிகள் சரி. ஓவியங்கள் அந்த வரிசையில்தான் வரையப்பட்டன. ஆனால் இந்த வரிசையில் வைக்கப்பட்ட மறுகணமே முதல் படம் பார்க்கப்படாமல் போய்விடுகிறது. அதன் மேல் கால் வைத்து ஏற வேண்டியிருப்பதால் அது எதனால் செய்யப்பட்டது என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. ஓவியத்துக்கு மட்டும் நேர்ந்த கதி அல்ல இது. ந. பிச்சமூர்த்தியின் 'காதல்' 1934-ல் வெளிவந்தது. புதுக்கவிதையின் முதல் படி என்று எல்லா வரலாறுகளும் குறிக்கின்றன. முதல் படி என்று சொல்கிறவர்களில் எத்தனை பேர் அதை ஒரு கவிதையாக, அதன் பின்னால் எதுவுமே எழுதப்படாதது போலப் படித்துப் பார்த்திருக்கிறார்கள்? முன்னோடி என்ற பட்டம் கொடுத்து ஒருவரைப் படிக்காமல் தப்பித்துக் கொள்வது நம்மிடையே ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது. அந்தக் கோபத்தில்தான் இந்தச் சிவப்பு மரத்தைப் பற்றி எழுதுகிறேன்.

படத்துக்கு வருவோம். கான்வாஸில் எண்ணெய் வர்ணம். உயரம் 70 செ.மீ., அகலம் 99 செ.மீ. நெதர்லாந்தில் ஹேக் நகரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது (நீண்ட காலம் நகராட்சி அருங்காட்சியகம் என்று இருந்த அதற்கு 2019-ல் பெயரை மாற்றினார்கள்). மரத்தை வரைய நினைக்கிறவன் சாதாரணமாகக் கான்வாஸை நிமிர்த்தி வைப்பான். மரம் உயர்கிற ஜாதி. மோந்த்ரியான் படுக்கைவாட்டில் வைத்தார். விளைவு என்னவென்றால், மரம் உயரவில்லை, பரவுகிறது. அடிமரம் நேராக எழாமல் சாய்கிறது. கிளைகள் சட்டகத்தின் ஓரங்களை நோக்கி ஓடுகின்றன. சில வளைந்து தரைப் பக்கம் இறங்குகின்றன. இலை ஒன்றுகூட இல்லை. வானம் நீலம். தரையும் நீலம், கொஞ்சம் இருட்டான நீலம். இரண்டுக்கும் நடுவில் இந்த உடம்பு மட்டும் சிவப்பு. முழுக்கச் சிவப்பும் இல்லை. அடிமரத்தில் நீலமும் கருமையும் தீற்றல் தீற்றலாகக் கலந்து ஏறுகின்றன. சிவப்பும் அடிமரத்தோடு நின்றுவிடாமல் தரையிலும் கொஞ்சம் கசிகிறது.

தூரிகை நடந்த விதம் தெளிவாகத் தெரிகிறது. தனித்தனித் தீற்றல்கள், நீளம் குறைந்தவை, வேகமானவை. அடிமரத்தில் தீற்றல்கள் மரம் போகும் திசையிலேயே போகின்றன. வானத்தில் அப்படி ஒரு திசை கிடையாது. கிளைகளுக்கு இடையே அகப்பட்ட வானத் துண்டுகளைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக் கொண்டிருந்தேன். பின்னால் ஒரே வானம் விரிந்திருக்க, முன்னால் கிளைகள் வரையப்பட்டன என்று அவற்றைப் பார்த்தால் தோன்றவில்லை. துண்டு துண்டாக, ஒவ்வோர் இடைவெளியும் தனித்தனியாக நிரப்பப்பட்டது போல் இருக்கிறது. வானம் மரத்துக்குப் பின்னால் இல்லை, மரத்தின் சந்துகளில் இருக்கிறது. பின்னணி என்ற ஒன்றே கழன்று விழுகிற இடம் இது. சாம்பல் மரத்தில் இதையேதான் கணக்குப் போட்டுச் செய்தார் என்று புத்தகக்காரர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். இங்கே கணக்கு இல்லாமல் நடந்திருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

இதையெல்லாம் அச்சுப் பிரதிகளை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். மூலத்தைப் பார்த்ததில்லை. தமிழில் மேலைநாட்டு ஓவியம் பற்றி எழுதுகிற பெரும்பாலோர் நிலை இதுதான், ஆனால் இதைச் சொல்லிவிட்டு எழுதுவது வழக்கத்தில் இல்லை. என்னிடம் உள்ள ஒரு பிரதியில் மரம் செங்கல் நிறம். இன்னொன்றில் ரத்தம். மூன்றாவது ஒன்றில் நீலம் ஊதாவாகி, சிவப்பு அதில் முக்கால்வாசி அமுங்கிக் கிடக்கிறது. ஒரு மீட்டர் அகலப் படம் உள்ளங்கைக்குள் சுருங்கும்போது தீற்றல்களின் தடிமன் போய்விடுகிறது. அப்புறம் அது ஒரு 'வடிவமைப்பு' ஆகிவிடுகிறது. கறுப்பு வெள்ளை பிளாக்கில் படங்கள் போட்ட நம் சிறுபத்திரிகைகளில் இது வந்திருந்தால் சிவப்பு மரமும் சாம்பல் மரமாகவே வந்திருக்கும். படிக்கட்டுக் கோட்பாட்டுக்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும்? எனவே வர்ணத்தின் சரியான சாயல் பற்றி நான் எதையும் அறுதியிட்டுச் சொல்லப் போவதில்லை. எல்லாப் பிரதிகளுக்கும் பொதுவாக இருப்பதை வைத்துக்கொண்டு பேசுகிறேன்: மரம் சிவப்பு, மற்றதெல்லாம் நீலம், பெயர் 'மாலை'.

பெயரில் மாலைதான் முதலில் வருகிறது. மரம் அரைப்புள்ளிக்குப் பிறகு. ஆனால் படத்தில் மாலைக்குரிய சாமான்கள் ஒன்றும் இல்லை. சூரியன் இல்லை. செவ்வானம் இல்லை. நீண்ட நிழல் இல்லை. வீடு திரும்பும் மாடு இல்லை, விளக்கு இல்லை. பின் எது மாலை?

ஒரு பதில் உடனே தோன்றும். மாலை வெயில் படுக்கையாக விழுந்து மரத்தைச் சிவப்பாக்குகிறது, ஓவியர் மேற்குக்கு முதுகைக் காட்டி நிற்கிறார், கிழக்கு வானம் அதற்குள் நீலமாகிவிட்டது. இயற்கையில் நடக்கக் கூடியதுதான். ஆனால் அப்படியிருந்தால் வெளிச்சம் பட்ட பக்கம், படாத பக்கம் என்று இரண்டு இருக்க வேண்டும். கிளையின் மேல் கிளையின் நிழல் விழ வேண்டும். தரை மட்டும் வெளிச்சத்துக்கு எப்படித் தப்பியது? இந்த மரத்துக்கு வெளியிலிருந்து எந்த வெளிச்சமும் வரவில்லை. இது எதையும் பிரதிபலிக்கவில்லை.

பொழுது சாய்ந்தபின் கண்ணுக்கு என்ன ஆகிறது என்பதும் இங்கே யோசிக்க வேண்டிய விஷயம். செக் நாட்டு உடலியல் அறிஞர் புர்கின்யே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவனித்துச் சொன்னது: வெளிச்சம் மங்கும்போது சிவப்புதான் முதலில் இருட்டாகிறது, நீலம் ஒப்பளவில் பிரகாசமாகிறது. மங்கலில் வேலை செய்யும் கண்ணணுக்களுக்குச் சிவப்பு ஏறக்குறையத் தெரியாது. பெரிய விஞ்ஞானம் வேண்டாம். கொல்லையில் செம்பருத்தி இருந்தால் போதும். பகலில் பத்தடி தூரத்திலிருந்து கண்ணைப் பறிக்கிற பூ, விளக்கு வைக்கிற நேரத்தில் கறுத்துப் போயிருக்கும். சுற்றியுள்ள இலை அப்போதும் இலையாகத் தெரியும்.

ஆக, நீலம் இவ்வளவு ஏறிவிட்ட ஒரு பொழுதில் உண்மையான மரம் கறுப்பாகத்தான் இருந்திருக்கும். அதுவரை மோந்த்ரியானே அப்படித்தான் வரைந்து கொண்டிருந்தார். ஆம்ஸ்டர்டாமை அடுத்த கைன் ஆற்றங்கரை மரங்களை அவர் 1907, 1908 வாக்கில் மாலையிலும் நிலவொளியிலும் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார். கரையில் இருண்ட மரங்கள், தண்ணீரில் அவற்றின் தலைகீழ் இருள். அவை அழகானவை. எனக்கு அவற்றின் மேல் பெரிய பிரியம் உண்டு. ஆனால் அவை கண் சொன்னதைக் கேட்டு வரையப்பட்டவை; மாலை விவரங்களை அழித்து உருவத்தை மட்டும் விட்டுவைக்கிறது, ஓவியர் அதை வாங்கிக் கொள்கிறார். சிவப்பு மரத்தில் கண் கறுப்பு என்று சொல்ல வேண்டிய இடத்தில் கை சிவப்பை வைக்கிறது. எந்த நிறம் அந்த நேரத்தில் முதலில் சாகுமோ அந்த நிறத்தை. மாலை இந்தப் படத்தில் எதிர்த்து நிற்கப்படுவதாக, மரத்தால் எதிர்த்து நிற்கப்படுவதாக இருக்கிறது. படத்தின் உக்கிரம் முழுவதும் இங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

ஒப்பிட மோனேயை எடுத்துக் கொள்ளலாம். 1891-ல் எப்ட் ஆற்றங்கரையில் இருந்த பாப்லர் மரங்களை அவர் தொடராக வரைந்தார். இடையில் அந்த ஊர்க்காரர்கள் மரங்களை ஏலத்துக்கு விட்டுவிட்டார்கள். தாம் வரைந்து முடிக்கிறவரை வெட்டாமல் விட்டுவைக்க மோனே மர வியாபாரி ஒருவருக்குப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. (ஓவியம் விற்றுப் பிழைக்கிறவன் மரம் நிற்பதற்குப் பணம் கட்டிய கதை இது ஒன்றுதான் இருக்கும்.) அந்தப் படங்களில் ஒன்றில் அவர் பிடிக்க நினைத்த வெளிச்சம் ஏழு நிமிஷம்தான் நீடித்தது, குறிப்பிட்ட ஓர் இலையை விட்டு வெயில் நகர்ந்ததும் அந்தக் கான்வாஸை எடுத்து வைத்துவிடுவார் என்று பக்கத்தில் வசித்த அமெரிக்க ஓவியர் லில்லா கேபட் பெர்ரி எழுதி வைத்திருக்கிறார். ஏழு நிமிஷம்! மோனேக்கு மரம் என்பது வெளிச்சம் வந்து உட்கார்ந்து போகிற கொம்பு. எந்த மரம் என்பது அவருக்கு அவ்வளவு முக்கியமில்லை, எத்தனை மணி என்பதே முக்கியம். மோந்த்ரியான் படத்தில் மணி கேட்க முடியாது. அது ஏழு நிமிஷத்தின் மாலை இல்லை. 1908-ல் தொடங்கி இரண்டு வருஷம் கைவசம் இருந்திருக்கிறது என்று தேதியே சொல்கிறது. வெளிச்சத்தைத் துரத்துகிறவனால் அது முடியாது.

இந்த இடத்தில் நம் ஆட்களில் யாராவது முல்லைத் திணையைக் கொண்டுவருவார்கள் என்று எனக்குத் தெரியும். முல்லைக்கு மாலை சிறுபொழுது, மாலை என்றால் காத்திருத்தல், ஆகவே மோந்த்ரியான் மரம் காத்திருக்கிறது என்று. வேண்டாம். தொல்காப்பியத்தைத் தொட்டுக் கொள்ளாமல் ஓர் இலையைக்கூடப் பார்க்க முடியாது என்றால் அது இரண்டுக்கும் மரியாதை இல்லை. பொழுது என்பது வெளியில் உள்ள வெளிச்சத்தின் அளவு மட்டுமல்ல என்பது மட்டும் நமக்குக் கொஞ்சம் சுலபமாகப் பிடிபடுகிற விஷயம். அவ்வளவோடு நிறுத்திக் கொள்ளலாம்.

தீற்றல்களைப் பார்த்ததும் எல்லோரும் வான்கோ என்கிறார்கள். 1905-ல் ஆம்ஸ்டர்டாமில் வான்கோவின் படங்கள் பெரிய அளவில் காட்சிக்கு வைக்கப்பட்டன. டச்சு ஓவியர்களின் ஒரு தலைமுறையையே அது உலுக்கியது. மோந்த்ரியான் கடன்பட்டவர்தான், சந்தேகமில்லை. ஆனால் வான்கோ 1889-ல் வரைந்த 'முசுக்கட்டை மர'த்தைப் பக்கத்தில் வையுங்கள். அங்கேயும் நீல வானத்தின் முன்னால் எரிகிற ஒரு மரம். அங்கே எரிவது இலை. சுருள் சுருளாக, ஆரஞ்சும் மஞ்சளுமாக, நட்டநடுப் பகலில், தலைமுடி சிலிர்த்தது மாதிரி. இலையுதிர் காலத்து இலை எரிவது இயற்கை. வான்கோ அதை இரண்டு மடங்கு ஆக்குகிறார். மோந்த்ரியானில் இலை ஏற்கனவே போய்விட்டது. எரிய வேண்டியது போன பிறகு கட்டை எரிகிறது. வான்கோ மரம் தன்னைச் சுற்றியே சுழல்கிறது. இது சுழலவில்லை. காற்றில் ஒரு பக்கம் சாய்ந்துபோய், சாய்ந்த நிலையிலேயே அகலமாகிறது. படம் தொடங்கப்பட்ட டோம்பர்க், சீலாந்து மாகாணத்தில் கடலை ஒட்டிய ஊர். யான் தோராப் என்ற மூத்த ஓவியரைச் சுற்றிக் கலைஞர்கள் கோடையில் கூடுகிற இடம். 1908-ல்தான் மோந்த்ரியான் முதல் தடவை அங்கே போனார். கடற்காற்றில் வளர்ந்த மரத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சாய்வு தெரியும்.

மோந்த்ரியான் அப்போது இளைஞர் இல்லை. 1872-ல் பிறந்தவர், முப்பத்தாறு வயது. நிலக்காட்சி வரைந்து ஓரளவு பெயர் வாங்கியிருந்தார். அதை விட்டுவிட்டுச் சிவப்பிலும் நீலத்திலும் இறங்கியதை எல்லோரும் மகிழ்ச்சியோடு பார்க்கவில்லை. 1909 ஜனவரியில் ஆம்ஸ்டர்டாம் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் ஸ்போர், ஸ்லோய்ட்டர்ஸ் என்ற இருவரோடு சேர்ந்து அவர் படங்களை வைத்தபோது, எழுத்தாளரும் மனநோய் மருத்துவருமான ஃபிரெடெரிக் வான் ஈடன் கலையில் ஆரோக்கியமும் சீரழிவும் பற்றி ஒரு கட்டுரையே எழுதிவிட்டார். மோந்த்ரியானைச் சீரழிவுக் கணக்கில் சேர்த்தார். இதைப் படித்துச் சிரிப்பது இன்று எளிது. ஆனால் அந்த மருத்துவர் படங்களின் முன்னால் நின்று எதையோ பார்த்து மிரண்டிருக்கிறார். ஏதோ ஒன்று அவரைத் தாக்கியிருக்கிறது. 'அரூபத்தை நோக்கிய முதல் கட்டம்' என்று எழுதுகிற நம் காலத்து விமர்சகனை எதுவும் தாக்குவதில்லை. இருவரில் யார் படத்துக்கு அருகில் நின்றவர்?

அடுத்து தியாசபி. இது நமக்குக் கொஞ்சம் பக்கத்து விவகாரம். பிளவாட்ஸ்கி அம்மையாரும் ஆல்காட்டும் 1875-ல் நியூயார்க்கில் ஆரம்பித்த பிரம்மஞான சபை 1882 முடிவில் அடையாற்றுக்கு வந்து சேர்ந்தது. மோந்த்ரியான் 1909 மே மாதம் ஆம்ஸ்டர்டாமில் அதன் உறுப்பினரானார். அப்போது அடையாற்றில் தலைமையில் இருந்தவர் அன்னி பெசன்ட். பெசன்டும் லெட்பீட்டரும் சேர்ந்து எழுதிய 'எண்ண உருவங்கள்' என்ற புத்தகத்தில் வர்ணங்களுக்கு அர்த்தப் பட்டியல் ஒன்று உண்டு. எந்த மன நிலை எந்த நிறத்தில் மனிதனைச் சுற்றித் தெரியும் என்று ஞானதிருஷ்டியில் கண்டதாகச் சொல்கிற பட்டியல். அதன்படி சிவப்பு வகைகள் கோபத்துக்கும் இச்சைக்கும் போகும். நீல வகைகள் பக்திக்கு. மோந்த்ரியான் படங்களுக்கு இந்தப் பட்டியலை வைத்துப் பொருள் சொல்கிற ஆராய்ச்சி மேல்நாட்டில் நிறைய வந்திருக்கிறது. அதை இந்தப் படத்துக்குப் போட்டுப் பாருங்கள்: பக்தி வானத்தில் ஒரு கோபக்கார மரம். இதைவிட அபத்தமாக ஒரு படத்தைப் படிக்க முடியாது.

தியாசபி அவருக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்வதும் தவறு. ரூடால்ஃப் ஸ்டைனர் 1908-ல் நெதர்லாந்தில் ஆற்றிய சொற்பொழிவுகளின் சிறு புத்தகத்தைக் கடைசி வரை கூடவே வைத்திருந்தார். 1921-ல் தமது சிறுநூல் ஒன்றோடு ஸ்டைனருக்குக் கடிதமும் அனுப்பினார். பதில் வரவில்லை. நம்பிக்கை உண்மையானதுதான். கேள்வி, நம்பிக்கை ஓவியத்தில் எந்த வழியாக நுழைகிறது என்பது. அது வாசல் வழியாக, சாட்சியங்களோடு நுழைந்த படம் ஒன்று இருக்கிறது: 1911-ல் முடித்த 'பரிணாமம்'. மூன்று பலகைகள். மூன்று நிர்வாணப் பெண்கள், நேர் நேராக நிறுத்தி வைத்தது போல. இரண்டு பக்கங்களிலும் கண்கள் மூடியிருக்கின்றன, நடுவில் இருப்பவளுக்கு அகலத் திறந்திருக்கின்றன. தோள்களின் இருபுறமும் பூக்கள், முக்கோணங்கள், நட்சத்திரங்கள். அத்தனைக்கும் அர்த்தம் உண்டு. அர்த்தம் மட்டும்தான் உண்டு. விளக்கவுரை இல்லாமல் நிற்க முடியாத படம் அது, விளக்கவுரை கிடைத்தபின் பார்க்க வேண்டாத படம். சிவப்பு மரத்தை வரைந்த அதே கை, ஏறக்குறைய அதே வருஷங்களில், ஒரு கொள்கையை வரையப் புகுந்து இப்படிச் செத்துக் கிடக்கிறது. ஆழமான தத்துவம் கொண்டவன் ஆழமான கலைஞன் ஆவான் என்று நம்மிடையே பேசுகிறவர்கள் இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். நம் கவிதைகளில் உபநிஷத்தும் மார்க்ஸும் நுழைந்த விதம் பற்றியும் இதே கேள்வியைக் கேட்கலாம். பெயர் சொன்னால் சண்டை வரும். இந்த இதழில் அதற்கு இடமும் இல்லை.

சரி, படிக்கட்டை ஏன் இவ்வளவு தாக்குகிறேன் என்றால், அதைக் கட்டியதில் மோந்த்ரியானுக்கே பங்கு உண்டு. 1911 இலையுதிர் காலத்தில் ஆம்ஸ்டர்டாமுக்கு வந்த கண்காட்சியில் பிக்காஸோ, பிராக் படங்களைப் பார்த்தார். சில மாதங்களில் பாரிஸுக்கே குடிபெயர்ந்துவிட்டார். பெயரில் ஓர் எழுத்தைக் குறைத்துக் கொண்டார். பிற்காலத்தில் தம்முடைய முந்தைய படங்களைத் தாம் கடந்து வந்த நிலைகளாகவே பேசினார். இயற்கையிடமிருந்து அவர் விலகியது பற்றிய கதைகள் பிரசித்தம். பாரிஸ் ஸ்டுடியோவில் பூ ஜாடியில் ஒரு செயற்கை டியூலிப் வைத்திருந்தார். இலையின் பச்சையைப் பொறுக்க முடியாமல் அதற்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்துவிட்டார் என்று அவருடைய நண்பர் மிஷல் ஸோஃபோர் சொல்கிறார். கெர்ட்டேஸ் 1926-ல் எடுத்த புகைப்படத்தில் அந்தப் பூவைப் பார்க்கலாம். ஒரு வீட்டில் ஜன்னல் வழியாக மரங்கள் தெரியாதபடி இடம் மாறி உட்கார்ந்தார் என்றும் கதை உண்டு. இவையெல்லாம் மரத்தை வென்றுவிட்டவன் செய்கிற காரியங்களாக எனக்குப் படவில்லை. வென்றவனுக்கு ஜன்னலைப் பார்த்து என்ன பயம்?

சாய்கோடு விஷயமும் அப்படித்தான். தியோ வான் டூஸ்பர்க் 1924 வாக்கில் சாய்கோட்டைத் தம் படங்களில் கொண்டுவந்தார். மோந்த்ரியான் 'டி ஸ்டெய்ல்' பத்திரிகையை விட்டு விலகியதற்கு அதுவும் ஒரு காரணம். (டி ஸ்டெய்ல் 1917-ல் தொடங்கிய சிறுபத்திரிகை. மிகச் சிலரே வாங்கினார்கள். ஒரு கோடு நேராக இருக்க வேண்டுமா சாய்வாக இருக்க வேண்டுமா என்பதில் அதன் ஆட்கள் பிரிந்தார்கள் என்பது இந்த இதழின் வாசகர்களுக்கு ஆச்சரியம் தராது.) அவர் கான்வாஸையே நாற்பத்தைந்து டிகிரி திருப்பித் தொங்கவிட்டிருக்கிறார், ஆனால் உள்ளே ஒரு கோடுகூடச் சாயவில்லை. இந்தப் பிடிவாதத்தைத் தெரிந்துகொண்டு சிவப்பு மரத்துக்குத் திரும்பினால், அந்த அடிமரத்தின் சாய்வு வேறு மாதிரித் தெரிகிறது. பின்னால் அவர் தமக்குத் தாமே மறுத்துக்கொண்ட ஒன்று அங்கே முழு சௌகரியத்தோடு கிடக்கிறது. வளைவு, சாய்வு, தொங்கல், கசிவு. 'பூக்கும் ஆப்பிள் மர'த்தில் வளைவு இன்னும் மிச்சமிருக்கிறது, ஆனால் மரியாதை கற்றுக் கொண்ட வளைவு. அது மிக நல்ல ஓவியம், மறுக்கவில்லை. சாம்பல் மரத்தை அதைவிட உயர்வாகவே சொல்வேன். அதில் சிவப்பு போன பிறகும் தீற்றலில் பழைய முரட்டுத்தனம் இருக்கிறது. ஆனால் அவற்றுக்குக் கிடைத்தது இதற்குக் கிடைக்காமலும் இதற்குக் கிடைத்தது அவற்றுக்குக் கிடைக்காமலும் இருக்கும்போது யார் யாருக்குப் படி?

என் வாதத்துக்கு எதிராக ஒன்று சொல்லலாம். பின்னால் வந்த கட்டங்களும் கோடுகளும் இல்லாமல் போயிருந்தால் இந்தச் சிவப்பு மரத்தை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? ஐரோப்பாவில் அந்தப் பத்து வருஷங்களில் சிவப்பு மரம் வரைந்தவர்கள் ஏராளம். மாத்தீஸும் அவருடைய கூட்டாளிகளும் 1905-லேயே மரத்தைச் சிவப்பாக்கியாகிவிட்டது. உண்மை. இந்தப் படம் நம் கைக்கு வந்து சேர்ந்தது பின்னால் வந்தவற்றின் தயவால்தான். ஆனால் தயவால் வந்தது என்பதற்காக வந்ததைத் தயவாகவே பார்க்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? சிவப்பைக் கொண்டாட்டத்துக்கு வைத்தவர்கள் பலர். மத்தியதரைக்கடல் வெயிலில் சிவப்பு மரம் வரைவதற்குச் சந்தோஷம் போதும். நீலம் ஏறி வருகிற ஒரு வடக்குப் பொழுதில், இலை உதிர்ந்த மரத்தில், கண் இருட்டு என்று சொல்லும் இடத்தில் சிவப்பை வைப்பதற்கு வேறு ஒன்று வேண்டும்.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். 1919–20-ல் மோந்த்ரியான் டி ஸ்டெய்லில் ஒரு நீண்ட உரையாடலைத் தொடராக எழுதினார். இயற்கை மெய்மையும் அரூப மெய்மையும் பற்றியது. கிராமப்புறத்திலிருந்து நகரத்து ஸ்டுடியோவுக்கு நடந்து வருகிற மூன்று பேர் பேசிக் கொள்கிறார்கள். ஒருவர் ஓவிய ரசிகர், இன்னொருவர் இயற்கையை வரைகிற ஓவியர், மூன்றாமவர் அரூப ஓவியர். புதிய ஓவியத்தின் இலக்கண நூல் என்றே அதைச் சொல்ல வேண்டும். சிவப்பு மரத்தைத் தாண்டி வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது அவருக்கு. மரம் என்ற சொல்லே தேவைப்படாத ஓவியத்துக்கு விதி எழுத உட்கார்ந்தவர் எங்கே தொடங்குகிறார் தெரியுமா? பின்மாலையில். சமவெளி, அகன்ற தொடுவானம், உயரத்தில் நிலா. அடுத்த காட்சியில் மூவரும் நிலவு வானத்தின் முன்னால் இருண்டு நிற்கிற மரக்கூட்டம் ஒன்றின் எதிரே நிற்கிறார்கள். அதன் வடிவம் ஒழுங்கில்லாமல், மனம்போனபடி இருக்கிறது என்பதுதான் அங்கே பிரச்சினை. அரூப ஓவியர் தமக்கு ஏன் அது போதவில்லை என்று விளக்குகிறார். இயற்கை ஓவியருக்குத் திருப்தியில்லை. ரசிகர் கேள்வி கேட்டுக்கொண்டே வருகிறார். ஸ்டுடியோ வர இன்னும் நேரம் இருக்கிறது.